பேட்டரி அறைக்கு ஊற்றிய கள்

இப்போதெல்லாம் ஒருவனை நாலு பேர் சேர்ந்து மிதித்தால் விலக்கிவிட ஆள் வருவதில்லை. கைபேசிதான் வருகிறது. கொரியாவின் கிழக்குக் கரையில் எங்கள் குர்யோங்போ துறையில் அடிதடி புதிதில்லை. கணவாய் மீன் பிடிக்கிற படகில் வேலை செய்கிறவன் கையில் கத்தியோ கொக்கிக்கம்போ இருக்கும், வயிற்றில் சோஜு சாராயம் இருக்கும், அடிக்கத்தான் செய்வான். ஆனால் முன்பு அடிக்கிறவனை இடுப்போடு பிடித்து இழுக்க ஒருத்தன் இருப்பான். இழுத்தவனுக்கும் ரெண்டு விழும், அவனும் திருப்பிக் கொடுப்பான், கடைசியில் யார் யாரை அடித்தது என்றே தெரியாமல் எல்லோரும் ஒரே கடையில் உட்கார்ந்து சூப் குடிப்பார்கள். போன இலையுதிர் காலத்தில் இன்ஜினியர் பியோவைப் போட்டு அடித்தபோது சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சாமி கும்பிடுகிறார்களோ என்று நினைத்தேன். படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படத்தில் நானும் இருக்கிறேனாம், வாய் நிறைய ரத்தத்தோடு. பார்த்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

தாக் கிஹோவின் படகில் நான் இன்ஜின்காரன். அவன் அப்பா காலத்திலிருந்தே நான்தான். கிஹோ கேப்டன். அவனுடைய அண்ணன் மன்சு மேல்தளத்துக்குப் பெரியவன். தூண்டில், கயிறு, ஆட்கள் எல்லாம் அவன் பொறுப்பு. தம்பி கேப்டனாக, அண்ணன் அவனுக்குக் கீழே வேலை செய்வது எங்கள் ஊரில் நடக்கிற காரியமில்லை. மன்சுவுக்குக் கண் பார்வை குறைவு, கேப்டன் உரிமம் கிடைக்கவில்லை. அதைச் சொல்லிச் சிரித்த ஒருத்தனின் தாடையைக் கிஹோ உடைத்திருக்கிறான். அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். அவனைத் தூக்கி வளர்த்தவன் மன்சு.

கிஹோ பழைய இன்ஜினை எடுத்துவிட்டுப் புதிது வைக்கப்போகிறேன் என்றபோது நான் அவனிடம் ஒரு வாரம் பேசவில்லை. பாதி டீசல், பாதி மின்சாரம். உல்சான் நகரத்திலிருந்து பியோ யொன்ஜு என்று ஒரு இன்ஜினியர் பெண்பிள்ளை வந்தாள். நாற்பது வயதிருக்கும், ஆண்பிள்ளை மாதிரி தலைமுடி, கை முழுக்க கிரீஸ். கையில் கிரீஸ் இருந்ததால் மட்டும்தான் நான் அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டேன்.

அவள் சொன்னது பொய்யில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். கணவாய்ப் படகு இருட்டினதும் ஒரே இடத்தில் நின்றுவிடும். விளக்குகளை எரியவிட்டு, வெளிச்சத்துக்கு வரும் கணவாயைத் தூண்டில் போட்டு இழுப்போம். படகு நகராது, ஆனால் இன்ஜின் விடியும்வரை ஓடும். பெரிய இன்ஜின், சின்ன வேலை. பாதி டீசல் சும்மா புகையாகப் போகிறது என்றாள். புதிதில் இன்ஜின் சின்னது. எந்த வேகத்தில் ஓடினால் குறைவாகக் குடிக்குமோ அந்த ஒரே வேகத்தில் ஓடி பேட்டரியை நிரப்பும், நின்றுவிடும். விளக்கும் படகைத் தள்ளுகிற காற்றாடியும் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கினால் இன்ஜின் தானாகக் கிளம்பும்.

தானாகக் கிளம்பும் என்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் நான் எதற்கு என்று கேட்டேன்.

"அது கிளம்பாதப்போ நீங்கதான் கிளப்பணும் பெரியவரே," என்றாள்.

வாயாடி.

சோதனை ஓட்டத்துக்கு உல்சானிலிருந்து வேறு ஆட்களும் வந்தார்கள். டீசல் உண்மையிலேயே மிச்சமானது. மற்ற கேப்டன்கள் அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார்கள். ஒருத்தன் கிஹோவின் கட்டுக்கயிற்றை அறுத்துவிட்டான். கிஹோ அவன் வீட்டு வாசலுக்கே போய் அவன் மூக்கை உடைத்துவிட்டு வந்தான். அதெல்லாம் வழக்கம்தான்.

முதல் முறை தொழிலுக்குப் போகும் நாள் காலையில் படையல் வைத்தோம். அவித்த பன்றித்தலை, பழம், அரிசிப் பணியாரம், கல்லுப்பு, குடம் நிறைய அரிசிக்கள். புது இன்ஜினுக்குக் கள் ஊற்றாமல் எங்கள் கரையில் யாரும் படகை அவிழ்ப்பதில்லை. காய்ந்த மீன் ஒன்றை வெள்ளை நூலில் சுற்றி இன்ஜினோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். அது வாயைத் திறந்துகொண்டு கெட்டதை விழுங்கும் என்று நம்பிக்கை. படையல் முடியும்வரை பெண்பிள்ளை படகில் கால் வைக்கக்கூடாது. மன்சு அதில் கறாராக இருந்தான். பியோ ஒன்றும் சண்டை போடவில்லை. எல்லாத் துறையிலும் இதே கதைதான் என்று சொல்லிவிட்டு, தன் வேனில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே எங்களுக்குள் ஒரு தகராறு. கள்ளை எதன்மேல் ஊற்றுவது? பழைய படகில் கேள்வியே இல்லை, ஒரே இன்ஜின், அதன் தலையில் ஊற்றுவோம். இப்போது இன்ஜின், பேட்டரி என்று இரண்டு இருக்கின்றன. இன்ஜின் என்று நான் சொன்னேன். அது வெறும் சமையல்காரன், சாமி அந்தப் பக்கம் இருக்கிறது என்று பேட்டரி அறையைக் காட்டினான் ஒருத்தன். மன்சு மேலே போய்க் கரையைப் பார்த்து, இதில் எது பெரிசு என்று கத்திக் கேட்டான். அவள் சிரித்துக்கொண்டு, பேட்டரிதான் பெரிசு, அது செத்தால் எல்லாம் செத்தது என்று பதில் சொன்னாள். எதற்குக் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

கிஹோ பேட்டரி அறையைத் திறந்தான். ஆள் உயரத்துக்கு வெள்ளைப் பெட்டிகள், மேலே காற்று போக வரிவரியாகப் பிளவுகள். தண்ணீர் படக்கூடாது என்று அவள் சொல்லியிருந்தது நினைவிருக்கிறது என்று நான் சொன்னேன்.

மன்சு சிரித்தான். "இது தண்ணியா பெரியவரே? தண்ணின்னு சொன்னா கடைக்காரி உங்களை செருப்பால அடிப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிஹோ மூன்று முறை குனிந்து கும்பிட்டு ஒரு கிண்ணம் ஊற்றினான். நிறைய கணவாய் வேண்டும் என்றால் நிறைய ஊற்ற வேண்டும் என்று பின்னாலிருந்து குரல்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஊற்றினான். வெள்ளைக் கள் பிளவுகளுக்குள் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். மேலே ஒரு பிடி உப்பு தூவினான். காய்ந்த மீனைப் பெட்டிமேல் வைத்து நூலால் கட்டினான். கதவைப் பூட்டினோம், வெளியே வந்தோம், குடித்தோம்.

துறையை விட்டு வெளியே வந்ததும் கேப்டன் அறையில் ஏதோ கத்த ஆரம்பித்தது. மஞ்சள் விளக்கு ஒன்று மினுக்கியது. நான் போய்ப் பார்ப்பதற்குள் கிஹோ ஒரு பொத்தானை அமுக்கி அதன் வாயை அடைத்துவிட்டான். ரேடியோவில் அவளைக் கூப்பிட்டுக் கேள் என்றேன். முதல் நாளே பொம்பளையைக் கூப்பிட்டுக் கேட்டால் துறையே சிரிக்கும் என்றான். மறுபடி கத்தியது. மறுபடி அடைத்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். இன்ஜின் நின்றுவிட்டது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. கடலில் இன்ஜின் சத்தம் இல்லையென்றால் என் காது செத்தவன் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். கிஹோ விளக்குகளைப் போட்டான். வரிசை முழுக்க ஒரே நேரத்தில் எரிந்தது. அப்போதுதான் அடிப்பிடித்த சோற்று வாசனை வந்தது.

மன்சு சமையல்காரனைத் திட்டினான். நான் அரிசியே வைக்கவில்லை என்று அவன் அழாத குறை. மன்சு நம்பவில்லை, வாசனை பிடித்துக்கொண்டே கீழே இறங்கினான். பேட்டரி அறைக் கதவிடுக்கில் வெள்ளைப் புகை கசிந்துகொண்டிருந்தது. புகை வந்தால் கதவைத் திறக்காதே, வெளியே இருக்கிற சிவப்புப் பிடியைத் திருப்பு, பேட்டரி போனாலும் போகட்டும், கடல் தண்ணீர் உள்ளே பாய்ந்து அணைத்துவிடும் என்று அவள் எங்களை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் பிடியை நோக்கி ஓடினேன். அதற்குள் மன்சு பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டான். அவன் கையில் வாளி இருந்தது.

கதவு அவனோடு சேர்ந்து வந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை, நெஞ்சில் ஒரு உதை மட்டும்தான். நான் ஏணியில் போய் மோதினேன். எழுந்து பார்த்தபோது இரும்புக் கதவு எதிர்ச்சுவரில் நின்றுகொண்டிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் மன்சுவின் கால்கள். உள்ளேயிருந்து தீ வாணலியில் எண்ணெய் கொதிப்பதுபோல் சீறிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு பெட்டியாக வெடித்தது. துப்பாக்கியால் யாரோ உள்ளே நின்று சுடுவதுபோல.

நான் பிடியைத் திருப்பினேன். பழுக்கக் காய்ந்த இரும்பு. என் உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பாய்ந்தது, ஆவி அறை முழுக்க நிறைந்தது, கண் தெரியவில்லை. கிஹோ மேலேயிருந்து குதித்தான். கதவை ஒற்றைக் கையால் நகர்த்தினான். பிறகு அதை ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. மன்சுவின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். சட்டையோடு தோலும் வந்தது. அக்குளுக்குள் கையை விட்டு இழுத்தோம்.

மேல்தளத்தில் படுக்க வைத்தபோது அவனுக்கு முகம் இல்லை. உயிர் இருந்தது. தண்ணீர் கேட்டான். பல்லில் பட்டதும் அலறினான். கிஹோ அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்லண்ணே என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆட்களில் ஒருத்தன் பயத்தில் கடலில் குதிக்கப் போனான், இன்னொருத்தன் அவனை அறைந்து கம்பத்தோடு கட்டினான். துறையின் பெயரைக் கெடுக்க வந்தவர்கள் என்று நேற்றுவரை எங்களைத் திட்டிய படகுதான் வந்து எங்களைக் கயிறு கட்டி இழுத்தது. கரை தெரிவதற்கு முன்பே மன்சு செத்துப்போனான்.

துறையில் கூட்டம். ரேடியோவில் சேதி முன்னாலேயே போயிருந்தது. பியோ எல்லோருக்கும் முன்னால் நின்றாள். ஓடிப்போயிருக்கலாம், போகவில்லை. தார்ப்பாயில் சுற்றி மன்சுவைக் கரையில் இறக்கினோம். அவள் குனிந்து கும்பிட்டாள். நிமிர்வதற்குள் கிஹோ கொக்கிக்கம்பால் அடித்தான்.

முதல் அடி தோளில். தடுக்கக் கையை உயர்த்தினாள், இரண்டாவது அடி கையில். விறகு முறிகிற சத்தம். விழுந்தாள். எங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ரப்பர் பூட்ஸால் வயிற்றில், முதுகில். இன்னொரு கூட்டம் அவள் வேனின் கண்ணாடியை நொறுக்கியது. அவள் கத்தவில்லை. தலையை மட்டும் இரண்டு முழங்கால்களுக்குள் ஒளித்துக்கொண்டாள். கொலைகாரி, கொலைகாரி என்று கிஹோ கத்தினான். கம்பைத் திருப்பிப் பிடித்தான். இரும்புக் கொக்கி உள்ள முனை இப்போது கீழே.

என் கையில் துணி சுற்றியிருந்தது, பிடிக்க முடியாது. அதனால் அவன்மேல் விழுந்தேன். அவன் என்னை உதறினான். மறுபடி விழுந்தேன். அவளைக் காப்பாற்றினேன் என்று பிறகு பத்திரிகையில் எழுதினார்கள். எனக்கு அவள்மேல் பாசமும் இல்லை ஒன்றுமில்லை. அந்தக் கொக்கி இறங்கினால் அன்று ரெண்டு பிணம். தூக்குக்கு ஒருத்தன் வேறு. தாக் குடும்பத்தில் அப்புறம் மிச்சம் யார்?

"கிஹோ," என்றேன். "ஊத்துனது நீ."

அவன் நின்றான்.

"பெட்டிக்குள்ள கள்ளு எறங்குனத நான் பாத்தேன். உப்பையும் போட்ட. அது கத்துச்சு, வாயப் பொத்துன. அந்தச் சோத்து வாசன என்னன்னு நெனச்ச?"

அவன் கம்பின் அடிப்பகுதியால் என் வாயில் அடித்தான். பல் இரண்டு நாக்கில் கிடந்தன. துப்பிவிட்டு மறுபடி சொன்னேன். எங்கள் ஆள் ஒருத்தன் பின்னாலிருந்து என் விலாவில் உதைத்தான், கிழட்டு நாய், உல்சான்காரி எவ்வளவு கொடுத்தாள் என்று கேட்டான். அவனும் அன்று காலையில் அந்த அறையில் நின்று நிறைய ஊற்று நிறைய ஊற்று என்று கத்தியவன்தான்.

தரையில் கிடந்தபடியே பியோ தலையைத் தூக்கினாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. "பெட்டிமேலயா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். கூட்டத்தில் சத்தம் அடங்கியது, ஏனென்றால் கிஹோவின் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள். அவன் கம்பைக் கீழே போட்டான். தார்ப்பாயைப் பார்த்தான். பிறகு போய்ப் படகு கட்டும் இரும்புத் தூணில் நெற்றியை மோதினான். ஒரு தடவை இல்லை. மண்டை ஓடு இரும்பில் படுகிற சத்தம் தனி. அப்போதும் கைபேசிகள் கீழே இறங்கவில்லை. கையில் கட்டும் வாயில் ரத்தமுமாக நான்தான் அவன் கால்களைக் கட்டிக்கொண்டு தொங்கினேன், போலீஸ் வரும்வரை.

கிஹோ ஜெயிலில் இருந்தான், வெளியே வந்தான். பியோ அவனை மன்னிக்கவில்லை. வழக்கை வாபஸ் வாங்கு என்று மீனவர் சங்கத்துக்காரர்கள் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது பழத்தை எடுத்துக்கொண்டு ஆட்களைத் திருப்பி அனுப்பினாளாம். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இன்ஜினை அவள் விடவில்லை. கிஹோவும் விடவில்லை. பழைய டீசலையே வைத்துவிடு என்று ஊரே சொன்னது. அவன் கேட்கவில்லை. அதே இன்ஜின், அதே படகு என்றான். இன்ஜினைக் குறை சொல்லிவிட்டால் தன்மேல் குறை இல்லாமல் போய்விடும், அது அவனுக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன். அவன் வாயால் சொல்லவில்லை. இப்போது அவன் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. நெற்றியில் குழி இருக்கிறது.

இந்த வசந்த காலத்தில் படகு தயாரானது. என்னை வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினான். போனேன். பியோ படகுக்குள் நின்றுகொண்டிருந்தாள்; படையல் இன்னும் வைக்கவில்லை, யாரும் அவளை இறங்கச் சொல்லவும் இல்லை. இடது கை கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருக்கிறது. பேட்டரிப் பெட்டிகளில் பிளவுகள் இல்லை, முழுக்க மூடியிருந்தன. உள்ளே குழாயில் ஏதோ திரவம் ஓடிக் குளிர்விக்குமாம். அதனால் முன்னைவிட டீசல் மிச்சமாம். அறை இருக்கிற இடத்துக்கு நேர் மேலே, தளத்தில், ஒரு இரும்புத் தொட்டி. அதிலிருந்து ஒரு குழாய் கடலுக்குப் போனது.

இது எதற்கு என்று கேட்டேன்.

"ஊத்தறதுக்கு," என்றாள். "எங்க ஊத்துவீங்கன்னு போன தடவை நான் கேக்கல. நீங்களும் என்னை ஏறவிடல. இனிமே குடம் குடமா ஊத்துங்க."

கிஹோ கிண்ணத்தைப் பிடித்திருந்தான். கள் பாதி தளத்தில் சிந்தியது. சிந்தியதை ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள், ஒருத்தன் ஓடிப்போய்த் துணியால் துடைத்தான். கள்ளுக்குப் பயப்படுகிற மீனவர்களை நான் அன்றுதான் பார்த்தேன். அண்ணன் பெயரைச் சொல்லித் தொட்டியில் ஊற்றினான். குழாய் வழியாக அது கடலில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு என்னைப் பார்த்தான்.

"பெரியவரே, இன்ஜினுக்கு நீங்க வேணும்," என்றான்.

எனக்கு வேலை இல்லை. வேறு படகில் இந்த வயதில் யாரும் சேர்க்க மாட்டார்கள். அப்படியும் யோசிக்கவில்லை. பழைய இன்ஜின் தலையில் என் ஆயுசு பூராவும் கள் ஊற்றியிருக்கிறேன் என்றேன். அது சீறும், நாறும், ஓடும். ஒரு கிண்ணம் பாசத்துக்கு ஆளைக் கொல்கிற சாமான் எனக்குப் பழக்கமில்லை.

பியோ என் வலது கையைப் பார்த்தாள். அதில் ரெண்டு விரல் இல்லை. "அதை எது தின்னுச்சு?" என்று கேட்டாள்.

பழைய இன்ஜின்தான். பெல்ட்டில் போனது. அதே இன்ஜின் வெடித்து எனக்கு முன்னால் இருந்தவன் வெந்து செத்தான். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது, கேட்டு வைத்திருக்கிறாள்.

"அது சொல்லிட்டுக் கடிக்கும்," என்றேன்.

"இதுவும் சொல்லுச்சே பெரியவரே. வாயைப் பொத்தினது யாரு?"

கிஹோ தலையைக் குனிந்துகொண்டான். அவள் சொன்னது சரிதான். சரி என்பதற்காக வேலையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? பலகையில் கால் வைத்து இறங்கினேன். பின்னால் கட்டுக்கயிறு அவிழ்கிற சத்தம். கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது, இன்ஜின் சத்தமே இல்லை. ஒரு படகு காது அறியாமல் கரையை விட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் பேருந்து நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தேன்.